பேர் போடாத நாள்

சித்திரைக்கு முந்தின ஞாயிறு.
காசல்ரீ டேம் வற்றி இறங்கியிருந்தது.
கரையெல்லாம் செம்மண் படிகள்,
யாரோ சீலையை அவசரமாய்த் தூக்கிச் செருகியதுபோல.

தினூஷன் மூன்று பலகைகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.
கீழ் டிவிசன் பையன். இப்போது பங்களா ஹோட்டலில்
வெள்ளைக்காரருக்குத் துடுப்புப் பழக்குகிறவன்.
"சீசனுக்கு முன்ன ரெண்டு பேரை ஏத்திப் பார்க்கணும்.
காசு வேணாம் அக்கா. விழுந்தாப் போதும்."

புஷ்பலீலா சிரித்த சிரிப்பில்
கரையில் நின்ற கொக்கு இடம் மாறியது.

எனக்கு முப்பத்தெட்டு.
ஏழாம் நம்பர் மலையில்
இந்தத் தண்ணீரைப் பார்த்தபடியே
இருபது வருஷம் கொழுந்தெடுத்தவள்.
முழங்காலுக்கு மேலே அது என்னைத் தொட்டதில்லை.

மகனுடைய ஃபுட்போல் கால்சட்டை,
அதற்கு மேல் நெஞ்சை நெரிக்கும் ஆரஞ்சு ஜாக்கட்.
"முதல்ல முழங்கால்ல இருங்க.
பிறகு ஒரு பாதம். பிறகு மற்றது.
கீழே பார்க்காதீங்க."
எழுந்தேன்.
என்னைக் கேட்காமலே பலகையை உருவிக்கொண்டது தண்ணீர்.

முதல் தடவை, குளிர். வேறொன்றும் நினைவில்லை.
இரண்டாம் தடவை மூக்கேறிய தண்ணீரில்
சேற்று வாசம்.
மூன்றாம் தடவை
சமையல்காரர் சுமணபால கைதட்டினார்.
நல்ல மனுஷன். விருந்தாளி இல்லாத நாளில்
அவருக்கும் வேறென்ன வேலை.

எனக்கோ கோபம்.
மழையில், சறுக்குப் பாறையில்,
அட்டை ஏறிய காலோடு
பதினெட்டுக் கிலோவைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டு
நின்றவள் நான்.
எனக்கா நிற்கத் தெரியாது?

"கழுத்தை ஏன் அக்கா முன்னால தள்ளுறீங்க?"

அப்போதுதான் பார்த்தேன்.
முதுகில் இல்லாத கூடைக்கு
உடம்பு முன்சாய்ந்து நின்றது.
இன்றைக்கு ஞாயிறு என்று
அதற்கு யாருமே சொல்லவில்லை.

நான்காம் தடவை
கழுத்தை நிமிர்த்தவே வெகுநேரம் எடுத்தது.
பாதத்துக்குக் கீழே தண்ணீர்
படுத்திருக்கும் மாடுபோல மூச்சுவிட்டது.
இடப்பக்கம் இரண்டு. வலப்பக்கம் இரண்டு.
கரை விலகிப் போனது.
போவது நான்தான் என்று நம்ப
இன்னும் நாலு துடுப்புத் தேவைப்பட்டது.

நடுவில் நிறுத்தித் திரும்பினேன்.
ஏழாம் நம்பர் மலையை
ஒரு உள்ளங்கையால் மறைக்க முடிந்தது.
கவ்வாத்து வெட்டிய துண்டு மட்டும் பழுப்பாய்,
அதற்குப் பக்கத்தில் எங்கேயோ என் நிரை.
தேடினேன், அகப்படவில்லை.
இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது.
இவ்வளவையுமா என்று
விரல்கள் மெல்ல மடங்கின.

புஷ்பலீலா என்னைத் தாண்டிப் போனாள்,
பலகையில் உட்கார்ந்து
இரண்டு காலையும் தண்ணீரில் தொங்கவிட்டு.
எழும்பச் சொல்லி தினூஷன் கரையிலிருந்து கத்த,
"நிக்கிற வேலை கிழமைக்கு ஆறு நாள் இருக்குடா!
இன்னைக்கு உக்காந்துதான் போவேன்!"

ஜாக்கட்டுக்குள்ளிருந்து
ஒரு ஷொப்பிங் பை எடுத்தாள்.
நனைந்த ரொட்டி, கட்டச் சம்பல்.
பலகைகளை ஒட்டிப் பிடித்துக்கொண்டு தின்றோம்.
கையலம்ப ஒரு டேமே இருந்தது.

மூன்று மணிக்கு நோர்வூட் பக்கமிருந்து காற்று.
தண்ணீர் சுருங்கிச் சுருங்கி எங்களை எதிர்த்தது.
வீறாப்பெல்லாம் விட்டு
முழங்காலில் இருந்தே கரை சேர்ந்தேன்.
பல் கிடுகிடுத்தது.
சுமணபால தந்த பிளேன்டீயை
யார் பறித்த கொழுந்தென்று கேட்காமல் குடித்தேன்.

திங்கள் காலை, பிரட்டுக்களத்தில்
ஆடாத தரையில் நான் ஆடிக்கொண்டிருந்தேன்.
கணக்கப்பிள்ளை என் பேரை
இரண்டு தடவை கூப்பிட்டாராம்.
பத்து மணி நிறுவையில்
கூடையை இறக்கித் தலையைச் சாய்த்தபோது
இடது காதிலிருந்து
வெதுவெதுப்பாய் வழிந்தது
மிச்ச டேம்.